மரிவிக்கின் முதல் நோயாளி

செவிலியர் நிறுவனம் நடத்துவதில் செவிலியர் வேலை இவ்வளவு குறைவு என்று மரிவிக்கிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிலிப்பைன்ஸின் இலோயிலோவிலிருந்து வந்த நாளாக, ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் இதய வார்டில்தான் அவள் வேலை பார்த்தாள். தேற்றி வீட்டுக்கு அனுப்பிய கிழவிகள் அடுத்த மாதமே மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். மாத்திரையை மறந்திருப்பார்கள், உப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள், ஒருநாள் கணவன் எர்னிங்கிடம் சொன்னாள்: "இவங்க வீட்டுக்கே போய்ப் பாத்துட்டா இங்க வரவே வேணாமே!"

"அப்ப நீயே ஒண்ணு ஆரம்பி," என்றான் அவன். விளையாட்டுக்குச் சொன்னதாக இன்றுவரை சாதிக்கிறான்.

வீட்டை அடமானம் வைத்தார்கள். ஹூஸ்டனை ஒட்டிய ஸ்டாஃபோர்டில் நகப்பூச்சுக் கடைக்கும் வரிக்கணக்கு பார்ப்பவர் கடைக்கும் நடுவில் ஓர் அறை பிடித்தார்கள். மாநில உரிமம் கிடைத்துவிட்டது. ஆனால் அது வாசற்படி மட்டும்தான். முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தர வேண்டுமென்றால் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். அதைப் பெற முதலில் சில நோயாளிகளைக் கவனித்துக் காட்ட வேண்டும். அந்தக் கவனிப்புக்கு எவரும் காசு தரமாட்டார்கள். பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வாளர் வருவார். நோயாளி வீடு வரைக்கும் கூடவே வருவார். தேறாவிட்டால் வீடு வங்கிக்குப் போய்விடும்.

காசு வாங்காமல் கவனிக்கிறாள் என்றதும் அவள் போகும் தேவாலயத்திலிருந்து நோயாளிகள் வந்தார்கள். முதலில் வந்தவர் தீத்தா பூரிதா. அங்கே வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே தீத்தாதான், அதாவது அத்தைதான், ஆனால் வெறும் 'தீத்தா' என்றால் அது பூரிதாதான். அவர் இதயம் களைத்துப்போன இதயம். கால் வீங்கும். நான்கு கால் நடைச்சட்டம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. மெடிகேர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். வீட்டைவிட்டு வெளியே போகவே திணறுகிறவர்களை மட்டும்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். தெருவில் கை வீசி நடப்பவருக்கு இந்தச் சேவை கிடையாது. தேவாலயத்துக்குப் போய்வர மட்டும் தடையில்லை.

ஆகஸ்டில், தார்ச்சாலை உருகும் வெயிலில், ஆய்வாளர் வந்து நின்றார். பெயர் மிஸஸ் ட்ரூயிட். உயரமானவர், தன் தண்ணீர்ப் பாட்டிலைத் தானே கொண்டுவந்திருந்தார். அலுவலகத்தில் காலை முழுக்கக் கேள்வி. "மதியம் இவங்களைப் பாக்கலாமா?" என்று அவர் விரல் வைத்த பெயர், பூரிதா.

மரிவிக் போன் செய்து அனுமதி கேட்டாள். "தீத்தா, என்கூட ஒரு அம்மா வர்றாங்க. நான் எப்படி வேலை பாக்குறேன்னு பாக்கணுமாம். நீங்க எப்பவும் போல இருங்க, போதும்."

"விருந்தாளியா! வரட்டும், வரட்டும்."

அந்த இடத்திலேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். விருந்தாளி வருகிறார் என்று கேட்ட பிறகு எப்பவும் போல இருக்கிற பிலிப்பினோப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?

கதவு திறந்தது. ஈஸ்டருக்குப் போடும் நீல உடை, உதட்டுச் சாயம், காலுறை, குதியுயர்ந்த செருப்பு. நடைச்சட்டத்தைக் காணோம். பின்னால் மேசையில் பான்சித் நூடுல்ஸ் ஆவி பறந்தது, பொரித்த லும்பியாச் சுருள்கள் மலைபோல் குவிந்திருந்தன.

"வாங்க, வாங்க! முதல்ல சாப்பிடுங்க!"

"நன்றிம்மா, வேலை நேரத்துல நான் சாப்பிடக் கூடாது," என்றார் மிஸஸ் ட்ரூயிட்.

"ஒரே ஒரு லும்பியா? எல்லாம் என் கையால செஞ்சது. இவ வர ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு நோயே கிடையாது! நேத்துகூட நானே கடைக்கு நடந்து போனேன்."

ஆய்வாளரின் பேனா ஓடியது.

"தீத்தா," என்றாள் தங்கள் மொழியில், சிரித்த முகம் மாறாமல், "என்ன பண்றீங்க?"

"உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்றேன்டி. நீ சும்மா இரு."

சொல்லி முடிப்பதற்குள் பூரிதாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வாக்கியத்துக்கு நடுவே இரண்டு முறை நின்றார். செருப்பு வாருக்கு மேலே சதை பிதுங்கிக்கொண்டிருந்தது. மரிவிக்குக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆய்வாளர் இருப்பதே மறந்துபோனது. பையைக் கீழே போட்டாள், கை கழுவினாள்.

"உக்காருங்க. காலுறையைக் கழட்டுங்க."

"வெளியாள் முன்னாடியா?"

"கழட்டுங்க தீத்தா!"

கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். குழி விழுந்தது, நிரம்பவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்தால் நுரையீரலின் அடியில் நீர் கோத்த சளசளப்பு. எடை கூடியிருந்தது. "வாக்கர் எங்க?" மரிவிக்கே தேடினாள். குளியல்தொட்டியில், திரைக்குப் பின்னால், ஊறவைத்த உள்ளாடைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது பூரிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடைக்குப் போனேன்னு சொன்னீங்களே?"

"பக்கத்து வீட்டுக்காரி வாங்கித் தந்தா," என்றார் கம்மிய குரலில். "சமைச்சது நான்தான். எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காக நீங்க நோயாளியா இருந்தாப் போதும் தீத்தா! அது ஒண்ணுதானே கேட்டேன்!"

இதை ஆங்கிலத்தில் கத்திவிட்டாள். மிஸஸ் ட்ரூயிட் தண்ணீர் குடித்தார்.

மரிவிக் டாக்டருக்குப் போன் செய்தாள். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொன்னார், மறுநாளும் போய்ப் பார்க்கச் சொன்னார். உப்பு மிகுந்த சோயா சாஸ் பாட்டிலை அவள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினாள். புறப்படும்போது பூரிதா லும்பியாவைப் பொட்டலம் கட்டித் தரவில்லை. அந்த வீட்டிலிருந்து மரிவிக் வெறுங்கையோடு கிளம்பியது அதுதான் முதல் தடவை.

காரில் மிஸஸ் ட்ரூயிட் சொன்னார்: "ஒரு குறை எழுதியிருக்கேன். பைக்கு அடியில விரிப்பு போடாம தரையில வச்சிட்டீங்க." பிறகு, பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "மத்தபடி நான் எதைப் பாக்க வந்தேனோ அதைப் பாத்துட்டேன்," என்றார்.

தரையில் பை வைத்தால் காசு தங்காது என்று மரிவிக்கின் அம்மா சொல்வதுண்டு. அந்தக் குறையை எப்படித் திருத்தப்போகிறாள் என்று எழுதிக் கொடுக்கும்போது அது நினைவுக்கு வந்து எரிச்சலை இன்னும் கூட்டியது.

மறுநாள் போனபோது கதவைப் பக்கத்து வீட்டுக்காரிதான் திறந்தாள். பூரிதாவின் கால் வீக்கம் வற்றியிருந்தது. கட்டிலிலிருந்து பூரிதா சொன்னது ஒன்றே ஒன்று: "நாளையிலேருந்து ஜோசியோட ஆளுங்க வருவாங்க."

ஜோசி, ஊரின் இன்னொரு நிறுவனக்காரி. சான்றிதழ் ஏற்கெனவே கையில் உள்ளவள்.

மரிவிக்குக்குச் சான்றிதழ் குளிர்காலத்தில் வந்தது. எர்னிங் சட்டம் போட்டு மாட்டினான், சாய்வாக. அவள் அதை நிமிர்த்தினாள்.

"சந்தோஷமா இல்லையா உனக்கு?"

"யாரைக் கேட்டாலும், வெள்ளைக்காரி முன்னாடி தீத்தா மானத்தை வாங்கினவள்னு என்னைச் சொல்றாங்க. நல்லா கவனிச்சேன்னு ஒருத்தரும் சொல்லல."

"கவனிச்சதாலதானே சான்றிதழ் வந்துது?"

"அதைப் போய் தீத்தாகிட்ட சொல்லேன்."

அவன் போகவில்லை. யார் போவார்கள்?

ஞாயிறு திருப்பலியில் பூரிதா இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். இப்போது எப்படி இருக்கிறார் என்று ஜோசியிடம் கேட்க முடியாது. அடுத்தவர் நோயாளியைப் பற்றி விசாரிக்க விதி இடம் கொடுக்காது. அந்த விதியை மரிவிக் தன் ஆட்களுக்கே வகுப்பெடுக்கிறாள். அதனால் எல்லோரும் மண்டியிடும் நேரத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்தக் கணுக்கால்களைப் பார்க்க முயல்வாள்.

பூரிதாவுக்கு அது தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டார். பாவாடையை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துக் காலை மூடிக்கொள்வார்.