மறுதரப்பு அக்கா

"பதினோராவது வரி சார். 'கட்டடம் தாங்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகும் இவர் அதைக் குடியிருப்பவர்களிடம் சொல்லவில்லை.' இதுக்கு உங்க தரப்புல என்ன சொல்றீங்க?"

நான் அந்த அறைக்குள் போனது ஸ்டேப்ளர் கேட்க. வேலையில் சேர்ந்து மூன்றாவது நாள். உள்ளே ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி, ஏசிக் குளிருக்குப் புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் ஒருவர் கத்துவது வாசல் வரை கேட்டது. பெண்மணி பாட்டுக்குப் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். கத்தல் ஓய்ந்ததும், "கடைசியா சொன்னது மட்டும் விட்டுப்போச்சு. 'உருப்பட மாட்டே'ங்கறதுக்கு அப்புறம் என்ன சார் சொன்னீங்க?" என்றார். மறுமுனை போனை வைத்துவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்டேப்ளர் பக்கத்து அறையில் இருக்கிறது என்று எனக்குக் கை காட்டிவிட்டு, மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார்.

அலுவலகத்தில் அவருக்கு மறுதரப்பு அக்கா என்று பெயர். எங்கள் தொலைக்காட்சியில் வாரம் ஒரு மணி நேரம் பெரிய மனிதர்களைப் பற்றிய நிகழ்ச்சி வரும். ஊரில் பாதிப் பேர் கும்பிட்டு, மீதிப் பேர் மண்ணை வாரித் தூற்றுகிற ஆட்களாகப் பார்த்து எடுப்போம். ஒளிபரப்புக்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டு, அவரைப் பற்றி நாங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிப் பதில் வாங்குவது அக்காவின் வேலை. மற்ற இடங்களில் இதைப் பெயருக்குச் செய்வார்கள். 'அவரைத் தொடர்புகொள்ள முயன்றோம், முடியவில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அக்காவுக்கு அந்த வரியைக் கண்டாலே ஆகாது. "எத்தனை தடவை முயன்றீங்க? எந்த நம்பர்ல? அவர் சம்சாரம் எடுத்தாங்களா, அவர் எடுத்தாரா?" என்று நம்மை நிற்க வைத்துக் கேட்பார்.

எங்கள் நிகழ்ச்சித் தலைவர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு, "முயல் வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி முயலுக்கு லெட்டர் போடுற ஆளும்மா நீங்க" என்பார். அக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தப் புத்தியை அலுவலகத்தோடு விட்டாலாவது பரவாயில்லை. கேன்டீனில் யாராவது யாரையாவது வைதால் போதும், தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அவரு என்ன சொல்றாரு?" என்பார். பேச்சு அதோடு செத்துவிடும். வீட்டுச் சாவி வாங்க ஒருநாள் வந்த அவருடைய இரண்டாவது மகள் வரவேற்பறையில் என்னிடம் குமுறித் தீர்த்துவிட்டாள். புருஷனோடு சண்டை போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். "நான் இன்னும் செருப்பக் கூடக் கழட்டலைங்க. உள்ள போயி மாப்பிள்ளைக்குப் போன் பண்றாங்க. 'இவ நாலு விஷயம் சொல்றா, முதல் விஷயம்'னு ஆரம்பிக்கிறாங்க. பெத்த அம்மாங்க." இதற்கு அக்காவின் தரப்பு என்ன என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

இனி, என் வயிற்றெரிச்சல்.

எட்டுக் கல்லூரிகள் வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார். பேருந்தின் முதுகிலெல்லாம் அவர் படம்தான். 'கல்வி வள்ளல்' என்பது அவரே வைத்துக்கொண்ட பட்டம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அவர் தயவில் இலவசமாகப் படித்து இன்று காலில் நிற்கிறார்கள் என்பதும் உண்மை. அவரிடம் ஒரு வழக்கம். வேலைக்குச் சேரும் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை 'சரிபார்க்க' என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார். பிறகு அவர்கள் வேறு எங்கும் போக முடியாது. பட்டமெல்லாம் பூட்டுக்குள், ஆள் மட்டும் வகுப்பறைக்குள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் பட்டச் சான்றிதழை அம்மா பெட்டிக்குள் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். நானே கேட்டால்கூடக் கையைக் கழுவிவிட்டு வா என்பாள். அந்தக் காகிதத்தை இன்னொருவன் பூட்டி வைப்பதென்றால் என்னவென்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் அலைந்தேன். ஆறு ஆசிரியர்கள் முகத்தை மறைத்துப் பேசச் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருத்தி வேதியியல் ஆசிரியை. வேறோர் ஊரின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பதினெட்டாம் தேதி காலை அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை பட்டியலில் அடுத்திருப்பவருக்கு. மூன்று முறை வள்ளலின் அலுவலகத்தில் கேட்டு மூன்று முறையும் விரட்டப்பட்டிருந்தாள்.

ஒளிபரப்பு பதினான்காம் தேதி சனிக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் போட்டு, ஊரே பேசி, அந்த வேகத்தில் சான்றிதழ் வெளியே வரும் என்பது என் திட்டம்.

அக்கா என் எழுத்துப் படியை வாங்கி இருபத்து மூன்று வரிகளாகப் பிரித்தார். பிரித்ததோடு, அந்த ஆசிரியை அழுத இடம், அவள் பாடம், அவள் சேர்ந்த வருஷம் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். இருந்ததிலேயே நல்ல இடம் அதுதான். "இதப் படிச்சுக் காட்டினா யாருன்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிடும்" என்றார். அப்படியானால் படித்துக் காட்டாதீர்கள் என்றேன். ஏதோ நான் வேற்று மொழியில் பேசியது போலப் பார்த்தார்.

வியாழக்கிழமை மதியம் வள்ளலின் உதவியாளர் அக்காவைப் போனில் நாற்பது நிமிடம் காக்க வைத்தார். அக்கா காத்திருந்தார். தலைவரும் நானும் எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாக வள்ளலே பேச வந்தார். உரையாடல் பதிவாகிறது என்று அக்கா சொல்ல, தாராளமாக என்றார் அவர். முதல் வரிக்கு மறுப்பு. இரண்டாம் வரிக்குச் சிரிப்பு. வாய்ப்பாடு ஒப்பிப்பது போன்ற அக்காவின் குரலைக் கேட்டு வள்ளலுக்குக் கொட்டாவி வந்ததை நாங்களே கேட்டோம்.

"ஏழாவது வரி சார். 'நாற்பது ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள் இவருடைய அறையில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன.' இதுக்கு உங்க தரப்புல?"

"யாரும்மா சொன்னது நாப்பதுன்னு? நூத்திப் பதினாறு. எங்க ஆபீஸ்ல ஒரு காகிதம் தப்பாது. அதுவும் என் ரூம்ல இல்ல, ரெக்கார்டு ரூம்ல, தீப்பிடிக்காத பீரோவுல இருக்கு. அரைகுறையா எழுதிக்கிட்டு வந்துடறீங்க."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அக்கா, "நன்றி சார். எட்டாவது வரி" என்று அடுத்ததற்குப் போனார். இருபத்து மூன்றையும் முடித்துத்தான் போனை வைத்தார்.

தலைவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. அந்தப் பதினைந்து விநாடிக் குரல் ஒன்று போதும், வேறு எதுவும் வேண்டாம். அப்போதுதான் அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "சாயங்காலம் திரும்ப ஒரு தடவை கூப்பிடணும்."

எதற்கு என்று தலைவர் கேட்டார்.

"நாம அவர்கிட்ட சொன்னது நாப்பது. இப்ப போடப்போறது நூத்திப் பதினாறு. இது வேற குற்றச்சாட்டு. அவருக்குச் சொல்ல வேண்டாமா?"

"அவர் வாயாலதானம்மா சொன்னாரு!"

"சொன்னாரு. அத வெச்சு நாம என்ன சொல்லப்போறோம்னு அவருக்குத் தெரியாதுல்ல."

தலைவர் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். நான் என் பங்குக்கு, அந்தப் பெண்ணின் பதினெட்டாம் தேதியை ஞாபகப்படுத்தினேன். இன்றைக்கே அந்த ஆள் பீரோவைக் காலி செய்து எங்காவது ஒளித்துவிட்டால் யார் பொறுப்பு என்று குரலை உயர்த்தியே கேட்டேன். அக்கா புது வரியைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். புது வரியைப் படித்தார். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. ஐந்து மணி நான்கு நிமிடம் என்று எழுதிக்கொண்டார்.

அன்று இரவு நான் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வேதியியல் ஆசிரியை போன் செய்தாள். ரெக்கார்டு ரூம் வாசலில் வரிசை நிற்கிறதாம். 'சரிபார்ப்பு முடிந்தது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்கிறார்களாம். அவள் கைக்கும் வந்துவிட்டது. சந்தோஷத்தில் மூச்சு வாங்கப் பேசினாள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். அடுத்தது வந்தது.

"அண்ணா, என் பேட்டிய மட்டும் போடாதீங்கண்ணா. கெடச்சிருச்சுல்ல. எதுக்கு வம்பு? விட்ருங்கண்ணா."

மத்தியானத்துக்குள் மற்ற ஐந்து பேரும் அதையே சொல்லிவிட்டார்கள். வள்ளலின் கடிதமும் வந்து சேர்ந்தது: சான்றிதழ் எதுவும் தங்கள் வசம் இல்லை, இருந்தவை சரிபார்த்து வழங்கப்பட்டன. சனிக்கிழமை இரவு என் ஒரு மாத உழைப்பு நான்கு நிமிடமாக வந்தது. அவர் குரல் வந்தது, அடுத்த நொடியே அவர் கடிதமும் வந்தது. அவ்வளவு நியாயமாக, அவ்வளவு சப்பென்று ஒரு நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. பேருந்துகளின் முதுகில் வள்ளல் இன்னும் சிரித்துக்கொண்டுதான் போகிறார்.

திங்கட்கிழமை அக்காவின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, உங்களால் ஒரு நிகழ்ச்சியே போச்சு என்றேன்.

"போச்சுதான்" என்றார். தாளைப் புரட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு பதினெட்டாம் தேதி போயிடுவால்ல?"

போய்விடுவாள் என்றேன். இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் திரும்பக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை மன்னித்திருப்பேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? அவர் எல்லாத்தையும் கொளுத்திப் போட்டிருந்தாலும் போட்டிருப்பார். அன்னிக்கு ராத்திரி எனக்கும் சோறு எறங்கல. அதுக்காக, ஒருத்தர்கிட்ட சொல்லாம அவரப் பத்திச் சொல்ல முடியுமா?"

இந்த அக்காவை என்ன செய்வது? தலைவருக்கு ஒரு யோசனை இருந்தது. அடுத்த மாதமே அக்காவை எங்கள் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டாவது மாடியில், நேயர் குறைகேட்புப் பிரிவில் இருக்கிறார். ஒரு மேஜை, ஒரு போன், இரண்டு நாற்காலிகள். நிகழ்ச்சி பார்த்துக் கோபப்படுகிறவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்.

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக அங்கே போனேன். அக்கா போனில் இருந்தார். யாரோ ஒரு நேயர் உரத்த குரலில் பொரிந்துகொண்டிருந்தார். கேட்டதில், அதற்கு முந்தின சனிக்கிழமை வந்த என்னுடைய தொகுப்பைப் பற்றித்தான். சத்தமில்லாமல் வந்த வழியே நழுவப் பார்த்தேன். அக்கா காலால் இரண்டாவது நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.