செத்தை எறும்பும் ஒரு கையெழுத்தும்

முத்தியால்பேட்டையில் சக்கரபாணியை நம்பாதவர் யாரும் இல்லை. அவர் நம்பாதவரும் யாரும் இல்லை, அதுதான் கோளாறு. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற மனிதர். அவருடைய உயிர் நண்பரின் பெயரும் பால் என்பதை விதி செய்த கேலி என்றுதான் சொல்ல வேண்டும்.

சின்ன வயசில் தெருவே அவர்களைச் 'சக்கரையும் பாலும்' என்றுதான் கூப்பிட்டது. ஒரே பள்ளிக்கூடம், இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். இரண்டு பேரின் அப்பாக்களும் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தார்கள். பிரெஞ்சு ஆட்சி போன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று கெடு வைத்திருந்த காலத்தில், அப்பாக்கள் இருவரும் ஒன்றாகத்தான் போய் வரிசையில் நின்றார்கள். பாதி வரிசையில் ஆலைச் சங்கு ஊதிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சக்கரபாணியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினார். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. பாலின் அப்பா நின்று போட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு கையெழுத்தில் பால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷன் வாங்கி, லியோன் நகரத்தில் வீடு வாங்கி, வருஷத்துக்கு இரண்டு மாதம் மட்டும் ஊருக்கு வந்துபோகிற 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், ஆனார். சக்கரபாணி அதே பஞ்சாலையில் போய்ச் சேர்ந்தார்.

"எங்கப்பன் மட்டும் அன்னிக்கி ஒரு கையெழுத்து போட்டிருந்தா..." என்று அவர் பெருமூச்சு விடாத நாள் கிடையாது.

"போட்டிருந்தா என்னைக் கட்டியிருக்க மாட்டீங்க. அத நெனச்சிதான இந்தப் பெருமூச்சு?" என்பார் அவர் மனைவி குஞ்சம்மாள்.

ஆலையில் சக்கரபாணிக்கு வேலை நூலோடு அல்ல, காற்றோடு. நூற்புக் கூடத்தில் காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும். ஈரம் மிஞ்சினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். தண்ணீரைப் பனியாகத் தெளிக்கிற எந்திரத்தின் திருகு அவர் கையில் இருந்தது. ஈரத்தை அளக்கச் சுவரில் ஒரு கண்ணாடிக் கருவி தொங்கும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மேலுதட்டைச் சற்றே தூக்கிக் காற்றை உதட்டில் வாங்கி, "காஞ்சி கெடக்குது" என்பார். மேஸ்திரி போய்க் கருவியைப் பார்த்தால் அதுவும் அதையேதான் சொல்லும். ஆலையை மூடினதும் அந்த உதட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பிள்ளைச்சாவடி போகிற வழியில் பூட்டிக் கிடந்த பழைய பங்களா ஒன்றின் தோட்டத்தைப் பெருக்கிக் காவல் பார்க்கிற வேலைதான் கிடைத்தது.

தோட்டத்தில் பெரிய பெரிய மரங்கள். அவற்றின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகும் சுள்ளியும் மக்கிக் கிடந்தன. நம் பக்கத்தில் அதைச் செத்தை என்போம். ஒரு நாள் அதை வாரும்போது, விரல் நீளச் சுள்ளி ஒன்று உடைந்து, உள்ளேயிருந்து எள்ளில் பாதிகூட இல்லாத எறும்புகள் கொட்டின. கொட்டியவை ஓடவில்லை. காலை மடக்கிக்கொண்டு அப்படியே செத்துக் கிடந்தன. அடடா, கொன்றுவிட்டோமே என்று அவர் உட்கார்ந்துவிட்டார். பீடி ஒன்று குடித்து முடிக்கிற நேரம் ஆனது. ஒன்று மெல்ல எழுந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாமே எழுந்து, முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு நடக்க ஆரம்பித்தன.

"செத்தை எறும்பா, செத்த எறும்பா?" என்று குஞ்சம்மாள் கேட்டார். இரண்டும்தான் என்றார் இவர்.

அந்த வருஷம் ஊருக்கு வந்திருந்த பாலிடம் காட்டினார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு பாலுக்குப் பிடித்த பைத்தியம் எறும்பு. கண்ணாடிப் பெட்டியில் எறும்பு வளர்க்கிறவர்கள் அங்கே நிறையப் பேராம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்த பால், கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"சக்கர, இதோட தாடையப் பாரு, எலிப்பொறி மாதிரி விரிச்சி வச்சிருக்குது. இத எங்கயும் படத்துலகூட நான் பாத்ததில்ல. இந்த மாதிரி ஜாதிய உயிரோட ஒரு மாசம் வச்சிருந்தவன் யாரும் கெடையாதுடா."

"ஏன், சக்கர வச்சாத் தின்னாதா?"

"தின்னாது. உன்னத் தவிர எந்தச் சக்கரையும் அதுக்கு ஆவாது."

விளையாட்டாகச் சொன்னதுதான், பலித்துவிட்டது. ஸ்வீட் டப்பாவின் அடியில் சுண்ணாம்புப் பவுடரும் கரியும் குழைத்துப் பூசி, அதில் குழி பறித்து, சுள்ளியோடு எறும்பை உள்ளே வைத்தார் சக்கரபாணி. ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். செத்தைக்குள் உப்புத் தூளைப் போலத் துள்ளுகிற வெள்ளைப் பூச்சிதான் அவற்றின் தீனி என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதையும் தனி டப்பாவில் வளர்த்தார். காலையும் மாலையும் மூடியைத் திறந்து மேலுதட்டைக் காட்டுவார். பால் வாங்கிவந்த, ஈரம் அளக்கிற மின்சாரக் கருவி சரி என்று சொன்னபோதும், "பொய் சொல்லுது, காஞ்சி கெடக்குது" என்று இரண்டு சொட்டு விடுவார். மாசம் ஒன்று ஆனது, வருஷம் ஒன்று ஆனது. ஒரு டப்பா நாலு டப்பாவாயிற்று. சும்மா கிடந்த உதட்டுக்கு வேலை வந்ததில் மனுஷருக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் பங்களாவை விற்றுவிட்டார்கள். தங்கும் விடுதி கட்டுவதற்காக மண்தள்ளும் எந்திரம் வந்து மரத்தையும் செத்தையையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. சக்கரபாணி தெரிந்த தோப்பெல்லாம் போய்ச் சுள்ளி உடைத்துப் பார்த்தார். வேறெங்கும் அந்த எறும்பு இல்லை. அவருக்குத் தெரிந்தவரை உலகத்தில் மிச்சம் இருந்தது, அவர் வீட்டு அலமாரிக்குக் கீழே இருந்த நாலு டப்பாதான். அதன் பிறகு மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் ஒரு ராத்திரி வெளியே தங்கவில்லை. மண்டபத்திலிருந்து ஓடிவந்து தண்ணீர் விட்டுவிட்டுப் போனார்.

பால் ஜனவரியில் வந்தார். வந்த மறுநாளே ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"அங்க பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்க இருக்காங்க. இது புது ஜாதின்னு ஆயிட்டா, அதுக்குப் பேரு வைக்கணும். என்னா பேருன்னு நெனக்கிற? சக்கரபாணி. எறும்பு இருக்கிற வரைக்கும் உன் பேரு இருக்கும். அதுக்குத்தான் இந்தப் பேப்பர்."

முழுக்கப் பிரெஞ்சு. அடியில் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. இந்த இடத்தில்தான் ஊர் உலகத்தில் வேறு யாரும் செய்யாத தவறை நம் ஆள் செய்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. "எங்கடா போடணும்?" என்று கேட்டார். அவர் கண்ணுக்கு அது காகிதமாகவே தெரியவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் அப்பா விட்டுவிட்டு ஓடின வரிசை தெரிந்தது. டப்பா மூடி மேலேயே காகிதத்தை வைத்து, இரா. சக்கரபாணி என்று தமிழில் நிறுத்தி எழுதினார்.

"ஒரு டப்பா இங்க இருக்கட்டுங்க" என்றார் குஞ்சம்மாள்.

"நம்புற ஆளுகிட்டப் பாதி குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நாலையும் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார் சக்கரபாணி. டப்பாவை வாங்கும்போது பால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

காகிதத்தின் நகல் ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கோடை வந்தது. பாலிடமிருந்து போன் இல்லை. வேலையாக இருப்பான் என்றார். ஆடி போய் ஆவணி வந்தது. அந்தக் காகிதத்தைத் தமிழில் எழுதி வாங்கி அதையும் மாட்டலாம் என்று ஆசை வந்து, சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு ஜொசியான் வீட்டுக்குப் போனார். ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர். சொல்தாக்களின் விதவைகளுக்கு பென்ஷன் பாரம் நிரப்பிக் கொடுக்கிற அம்மாள்.

ஜொசியான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். பிறகு இன்னொரு தடவை.

"இது என்னான்னு நெனச்சிக் கையெழுத்து போட்டீங்க, சக்கரபாணி?"

"பேரு வைக்கிற பேப்பர், மதாம். எறும்புக்கு என் பேரு."

ஜொசியான் மெதுவாகத் தமிழில் சொன்னார். "இந்த எறும்புகளை நான் முழுசா முசே பால்கிட்ட ஒப்படைச்சிட்டேன். இதுங்கள வளக்கிற முறையக் கண்டுபுடிச்சவர் அவர்தான். இனிமே நான் இத வளக்க மாட்டேன், வேற யாருக்கும் தரவும் மாட்டேன். என் பேரு எங்கயும் வரக் கூடாதுன்னு நானேதான் கேட்டுக்கிறேன்."

"கடைசி வரிய மட்டும் இன்னொருவாட்டி படிங்க, மதாம்."

படித்தார். பேர் வைக்கிற காகிதம் என்று சொல்லி, பேர் எங்கும் வரக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறான். இனி அவனுக்கு 'ர்' போட எனக்கு மனசு வரவில்லை. ஜொசியான் தன் போனில் தேடிக் காட்டினார். பால் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் செத்தை எறும்பு. ஆராய்ச்சிக்காரர் யாரும் அதில் இல்லை. அது கடை. வேண்டுகிறவர்களுக்குத் தபாலில் அனுப்பப்படும் என்று எழுதியிருந்தது.

சக்கரபாணி உறை போட்ட காகிதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தனக்குச் செய்த துரோகத்தைத் தானே உறை போட்டு, அப்பா பக்கத்தில் மாட்டி, ஏழு மாதம் தினமும் கும்பிட்டிருக்கிறோம் என்பதுதான் அவரை அறுத்தது. யாரோ ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார். பால் செய்தான். முதுகில் யார் குத்தினாலும் வலிக்கும், பின்னால் நம்மவன்தான் இருக்கிறான் என்று தைரியமாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்த முதுகில் குத்தினால் வலி வேறு. வீட்டுக்கு வந்து குஞ்சம்மாளிடம் சொன்னார். குஞ்சம்மாள் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினார்.

கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"சக்கர, எப்பிடிடா இருக்கிற? கோச்சிக்காத, வேல ஜாஸ்தி. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். இங்க குளுரு ஆரம்பிச்சிடுச்சு, எறும்பு எல்லாம் ஒண்ணொண்ணா சாவுது."

சக்கரபாணி கேட்ட முதல் கேள்வி, "எத்தினி டப்பா மிச்சம்?" என்பதுதான்.

"நெறைய இருந்துச்சு. ரெண்டு டப்பா செத்துப்போச்சுன்னு கொட்டிட்டேன்."

"செத்துதா, நடிச்சிதா? ஒரு பீடி குடிக்கிற நேரம் தொடாம வச்சிப் பாத்தியா?"



"பாக்கல" என்றான் பால்.

குஞ்சம்மாள் பக்கத்தில் வந்து, சொல்லாதீங்க, வைங்க போன என்று கையால் சாடை காட்டினார்.

"ரூம்ல ஈட்டர் போட்டிருக்கியா? அணை மொதல்ல. சூடு வந்தா காத்து காஞ்சிடும். கருவியப் பாக்காத, அது பொய் சொல்லும். மூடியத் தொறந்து மேலுதட்டக் கிட்டக் கொண்டு போ. ஈரத்துணி பட்ட மாதிரி சில்லுன்னு இருக்கணும். உதடு இழுத்துதுன்னா ஓரத்துல மட்டும் ரெண்டு சொட்டு..."

"இரு இரு. மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்."

"எதுக்கு எழுதுற? உன் உதடுதான உன்கிட்ட இருக்குது?"

"எனக்கில்லடா. வாங்குனவங்க கேக்குறாங்க. டப்பாவோட ஒரு தாள்ல அடிச்சிக் குடுக்கணும்."

சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டார். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதையும் இப்போது எழுதி எடுத்துக்கொள்கிறான், பேரில்லாமல். போனை வைத்துவிடலாம். வைத்தால் அவன் தோற்றுப்போவான், கடை படுத்துவிடும். யார் யார் வீட்டிலோ காய்ந்த காற்றில் காலை மடக்கிக் கிடக்கிற ஒவ்வொரு எறும்பையும், செத்துவிட்டது என்று குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

"எழுதிக்க" என்றார். துள்ளுகிற பூச்சிக்கு என்ன தீனி, கரியை எப்போது மாற்ற வேண்டும், குளிர்காலத்தில் எந்தச் சுவரோரம் வைக்கலாம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "அசையலன்னா கொட்டாதீங்க, காத்திருந்து பாருங்கன்னு பெருசா எழுது. அத மறந்துடாத." மெர்சி சக்கர, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு பால் போனை வைத்தான்.

குஞ்சம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்கு ரோஷமே கெடையாதா? உங்களுக்குக் குழி பறிச்சவனுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே!"

சக்கரபாணி மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டது நான். அதுங்களா போட்டுது?"