மேற்கு விளை வழியாக ஒரு குழாய்

எங்கள் வீட்டில் கக்கூஸ் மாடியில் இருந்தது. பாறசாலைப் பக்கம் பெரும்பாலோருக்கு மரமறைவுதான் கதி என்றிருந்த காலம் அது. மிஷன் துரை ஒருவர் தமக்காகக் கட்டிய மாடிவீட்டை வாங்கியிருந்த அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வாளியால் தண்ணீர் ஊற்றினால் போதும், எல்லாம் சுவரோரக் குழாய் வழியே இறங்கிப் பின்புறத் தொட்டிக்குப் போய்விடும்.

தம்பி பிறந்தபின் அம்மாவுக்கு ஒரு கால் வராமல் போயிற்று. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அவளை மாடிக்குத் தூக்கிச் செல்வார். இடைப்பட்ட நேரத்தில் நான் தண்ணீர் கொண்டுபோனால், "தாகம் இல்ல மக்கா" என்பாள். உதடு வெடித்திருக்கும். தாகமே எடுக்காத அம்மா என்று நான் அதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்திருந்தேன்.

கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு கக்கூஸ் கட்டக் காரக்கோணத்திலிருந்து கொத்தனார் வந்தார். புதுக் குழாயை, மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியிலேயே சேர்த்துவிட்டார். அப்பா மாடியில் நின்று ஒரு வாளி ஊற்றினார். தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் கீழே புதுப் பீங்கானில் குபுகுபுவென்று பொங்கியது. கொத்தனார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு துள்ளினார்.

"சாறே, மேல ஒருத்தர் ஊத்தினா கீழ இருக்கவன் எழும்பி ஓடணும் ஆக்கும். இதுக்குத் தொட்டி வரைக்கும் தனிக் குழாய்தான் வேணும்."

நேர்வழியில் கிணறு. கிணற்றோரம் கக்கூஸ் குழாயை யார் விடுவார்கள்? மேற்கே சுற்றலாம். ஆனால் அங்கே பக்கத்து வீட்டு மாமனின் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம், ஒரு மூலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மாமன் மலையாளத்துக்காரர். அப்பாவும் அவரும் ஒரே வெற்றிலைச் செல்லத்தில் கை விட்டவர்கள். எங்கள் ஊர் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராட்டம் வந்தபோது அப்பா கூட்டத்துக்குப் போனார், மாமன் கூடவே கூடாது என்றார். பேச்சு நின்றது. எங்கள் ஊரில் பேச்சு நின்றாலும் வாய் நிற்காது. சொல்ல வேண்டியதை ஆட்டிடமோ மரத்திடமோ சொல்வார்கள், கேட்க வேண்டியவர் காதில் விழும்படி.

"அவனுக்க காலைப் பிடிக்க நம்மால ஆவாது" என்று முறுக்கிக்கொண்டிருந்த அப்பா, ஒரு காலையில் வேலியோரம் போய்ப் பலாமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கேட்டியா, குழாய் மேக்க சுத்தித்தான் போவணும். இவ பகல் முழுக்கத் தண்ணி குடியாம கெடக்கா. நான் என்ன செய்ய?"

பலாமரம் ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப்புறம் மாமன் பசுவைத் தடவிக்கொண்டு நின்றார். சற்றுக் கழித்து மலையாளத்தில் அதனிடம் சொன்னார்:

"எடீ, ஆ மூலயிலெ மரச்சீனி முழுவன் எலி தின்னு. நாளெ பறிச்சு களயாம். பின்னே அவிடம் வெறுதெ கிடக்கும்."

எலி தின்ற கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் சும்மாத்தான் கிடக்குமாம். பசு தலையை ஆட்டியது.

சித்திரையில் நட்டு, தையில் பறிக்க வேண்டிய கிழங்கை ஆவணியிலேயே பிடுங்கினார். ஒரு கூடை எங்கள் வீட்டுக்கும் வந்தது. சும்மா கிடந்த மூலையில் கொத்தனார் வாய்க்கால் வெட்டிக் குழாய் பதித்து மூடினார். இந்தத் தடவை வாளித் தண்ணீர் நல்ல பிள்ளையாகத் தொட்டிக்குப் போயிற்று.

அன்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் போய் வந்தாள். வந்து உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். "இன்னொரு செம்பு கொண்டா மக்கா" என்றாள். அந்த மாமனை நினைத்தால் இன்றைக்கும் என் கைகள் தானாகக் குவிகின்றன.

அன்றைக்கு எனக்கு வேறு கவலை. அவித்த கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை, சப்பென்றிருந்தது. "ச்சே, இதெல்லாம் ஒரு கிழங்கா!" என்று தட்டைத் தள்ளினேன். அப்பா அதையும் இழுத்து வைத்துக்கொண்டு, கடைசித் துண்டுவரை தின்றார்.

கூடை நிறைய வந்த அந்தக் கிழங்கில் ஓர் எலியின் பல்தடம்கூட இல்லையே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.