ஒரே எண்ணில் ஒரு கல்லி

கேரல் எதையும் சுலபத்தில் வியந்துவிடுகிறவள் அல்ல. சிவாஜிநகரில் ஒரு மருந்துக்கடையின் பில்லிங் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தவள். கடை பல கிளைகளாக வளர்ந்து, வீட்டுக்கே மருந்து அனுப்பத் தொடங்கி, வைட்ஃபீல்டில் அலுவலகம் பிடித்தபோது அவளும் கூடவே போய், டேட்டாபேஸ் வேலையைக் கற்றுக்கொண்டாள். வாங்குபவர் ஓர் அட்டவணையில், மருந்து இன்னொன்றில், பில் வேறொன்றில். வாங்குபவரின் மொபைல் எண் அவற்றைச் சேர்த்துக் கட்டும். துணியை அலமாரியில் பிரித்து அடுக்குவது மாதிரிதான், இதில் மலைக்க என்ன இருக்கிறது என்பாள்.

அன்று காலை புதிய விதி ஒன்று அமலுக்கு வந்திருந்தது. சேர்த்துச் சாப்பிடக்கூடாத மருந்துகளை ஒரே ஆள் வாங்கினால், கணினி அந்த எண்ணின் ஆர்டர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். வாங்குபவரிடம் பார்மசிஸ்ட் பேசிய பிறகுதான் மருந்து வெளியே போகும். விதியை எழுதியவளே கேரல்தான். நின்றுபோனவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓர் எண்ணைத் தாண்டிப் போக முடியாமல் நின்றாள்.

அந்த வாடிக்கையாளர் இன்சுலின் போட்டுக்கொண்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டார். அதோடு சேரவே கூடாத மூட்டுவலி மாத்திரையும் சாப்பிட்டார். கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை வாங்கிய மாதத்திலேயே, வயதான ஆண்களுக்கான மருந்தும் வாங்கியிருந்தார்.

"யாரோ டிஸ்கவுன்ட்ல வாங்கி வெளிய விக்கிறாங்க," என்றார் மேலாளர் ஸ்ரீகண்டன். "பிளாக் பண்ணிடுங்க கேரல்."

"பண்ணிடலாம் சார். ஆனா இன்னைக்கு நின்னதுல இன்சுலினும் இருக்கு. நெஜமாவே யாருக்காச்சும் வேணும்னா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானம் வண்டி கிளம்பறதுக்குள்ள சொல்லுங்க. எனக்கும் அந்தப் பாவம் வேணாம்."

கேரல் அந்த எண்ணின் பழைய பில்களை எல்லாம் வரவழைத்து, மருந்துவாரியாகப் பிரித்துத் தேதிப்படி அடுக்கினாள். இன்சுலின் மாதம் பிறந்ததும் தவறாமல் வந்தது. மூட்டுவலி மாத்திரை மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டியது. சத்து மாத்திரை சில மாதம் ஓடி நின்றது; அது நின்ற இடத்தில் பச்சைக்குழந்தைக்கான சொட்டுமருந்து தொடங்கியது.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். திரையில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அதற்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, ஆனாலும் பிறந்திருந்தது. ஒருவர் என்று அட்டவணை சொன்ன இடத்தில் பலர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிக்கு ஓர் ஆள் என்று முடிவு செய்தது உலகம் அல்ல, தன்னைப் போன்ற யாரோ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"ஸ்வல்ப இரும்மா, பொட்டிய எறக்கி வெச்சிட்டு வரேன். துணி கருகிடும்." எடுத்தது வள்ளியம்மா என்ற பெண்மணி. கல்லி என்று அங்கே சொல்கிற குறுகிய சந்தின் முனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி செய்பவர். "மருந்துக் கடையா? இன்சுலின் எங்கம்மா? பச்சைமுத்து அண்ணன் காலைலேர்ந்து மூணு வாட்டி வந்து கேட்டுட்டாரு."

"உங்க நம்பர்லயே எல்லாரும் வாங்குறாங்களாம்மா?"

"வேற என்னா பண்றது? எங்க கல்லிக்குள்ள வூடு கண்டுபுடிக்க எந்த டெலிவரி பையனுக்கும் வரல, ஒரே பேஜாரு. இஸ்திரி வண்டின்னா எல்லாருக்கும் தெரியும். அதான் அல்லாரும் என் நம்பரே குடுத்துர்றாங்க."

"நல்லதும்மா. யாரு யாருக்கு என்ன மருந்துன்னு மட்டும் சொல்லிடுங்க, தனித்தனியா பிரிச்சிடுறேன்."



"அது மட்டும் கேக்காதம்மா. வூட்ல சொல்லாம மருந்து சாப்புடுறவங்க இருக்காங்க. என்னை நம்பித்தான் இங்க வரவைக்கிறாங்க. கடைய வேணா மாத்திக்கிறோம், பேர் சொல்ல மாட்டேன்."

கேரலுக்குக் கோபம் வரவில்லை. "சரிம்மா, பேர் வேணாம். எங்க பார்மசிஸ்ட் கூப்புடுவாரு. மருந்து யாருக்கோ அவங்க கையிலயே போனைக் குடுத்துட்டு நீங்க தள்ளி நின்னுக்குங்க. போதுமா?"

"அது பரவால்ல," என்றார் வள்ளியம்மா. "பச்சைமுத்து அண்ணன் இங்கதான் குந்தினு இருக்காரு. மொதல்ல அவருகிட்ட பேசச் சொல்லு."

இன்சுலின் மத்தியான வண்டியிலேயே போனது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஒருவருக்கு, மூட்டுவலி மாத்திரை வேறொருவருக்கு என்று பார்மசிஸ்ட் உறுதிசெய்த பிறகு மற்றவையும் போயின.

பிறகு கேரல் ஸ்ரீகண்டனிடம் கேட்டது ஒன்றுதான்: போன் எண்ணுக்கும் மருந்துக்கும் நடுவில் நோயாளிக்கென்று ஒரு தனி அட்டவணை. ஒரே எண்ணின்கீழ் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். சேரக்கூடாத மருந்தை ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்கலாம்.

"டாக்டர் சீட்டைப் பார்மசிஸ்ட் வழக்கம்போலப் பாத்துக்கட்டும் சார். இந்த டேபிள்ல மட்டும் பேர் கட்டாயம் இல்ல. அவங்களே தங்களுக்கு ஓர் அடையாளம் வெச்சுக்கட்டும்."

"பேர் இல்லாத கஸ்டமரா?"

"ஆள் இருக்காங்களே சார்."

அடுத்த மாதம் அந்த எண்ணின்கீழ் புதிய வரிகள் வந்து சேர்ந்தன. அண்ணன். மாடி வீடு. பாப்பா. யாரோ ஒருவர் தன் அடையாளமாக 'நான்' என்று மட்டும் பதிந்திருந்தார். கேரல் அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். அது யார் என்று தேடிப் பார்க்க அவளுக்கு வழி இருந்தது. தேடாமல் திரையை மூடினாள்.