பறவை பார்க்கப் போகிறாராம்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரம். ஒரு ஆண்பிள்ளை தானாக எழுந்து, தானே தேநீர் கலக்கிக் குடித்து, தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு போகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். என் கணவர் அப்படித்தான் வாராவாரம் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அவர் துறைமுகத்தில் குமாஸ்தா. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி இருப்பார். வேலை விட்டு வந்தால் குளியல், சாப்பாடு, பேப்பர், தூக்கம். நான் பத்துப் பேச்சுப் பேசினால் ஒரு 'ம்' வரும். அதுவும் பாதி நாள் பேப்பருக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று தெரியாது.

பினாங்கின் பழைய சாமான் சந்தையில் ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மூக்குக் கண்ணாடியையே தேடிப் போடாத மனிதருக்கு பைனாகுலர் எதற்கு? எவள் வீட்டு ஜன்னலைப் பார்க்க?

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"பறவை பாக்க."

"எந்தப் பறவை?"

"பல பறவை" என்றார். செருப்பு மாட்டுகிற மும்முரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. இதை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் பார்க்காத குடும்பம் இல்லை, கேட்காத கதை இல்லை. "பறவையாம்லா பறவை" என்று சிரித்தார். "தங்கச்சி, ஆம்பளைங்க காலங்காத்தால கெளம்புனா ஒண்ணு நம்பரு, இல்ல தண்ணி, இல்லாட்டி பொம்பள. வேற எதுவும் இல்ல. நான் சொல்றத எழுதி வச்சுக்கோ."

தண்ணி இல்லை. திரும்பி வந்ததும் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டேன். வெயில் வாடையும் சேற்று வாடையும்தான். நம்பராக இருக்கலாம். அந்த நாளில் நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம் பிடித்தவர்கள் மரம், புற்று, ஏரிக்கரை என்று எங்கே போனாலும் ஊதுவத்தி கொளுத்தி நம்பர் கேட்பார்கள். ஆனால் நம்பர் எடுக்கிறவன் சாயங்காலம் ரேடியோ பெட்டியையும் பேப்பரையும் கட்டிப் புரளுவான். இவர் அமைதியாக மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வேறு. அப்படியென்றால் பாக்கி இருந்தது ஒன்றுதான்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் அதைப் பற்றி என் எதிரில் பேசமாட்டார்கள். நான் அடுப்படிக்குப் போனதும் பேசுவார்கள். இவர் இன்னொருத்தியைத் தேடிக்கொண்டால் எத்தனை பேர் 'பாவம், அவனும் எத்தனை நாள்தான் பொறுப்பான்' என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என் இடம் ஆடிக்கொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் எழுந்து, குளித்து, புடவை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"நானும் வரேன்."

அவர் முகம் மாறியது. பார்த்தேன், என் கண்ணாலேயே பார்த்தேன். "அங்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் சேறு, கொசு. உனக்குப் பிடிக்காது."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கு வாராவாரம் எதுக்குப் போறீங்க?"

மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். வழி முழுவதும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். இன்றைக்கு உண்டு இல்லை என்று பார்த்துவிடுவது என்ற முடிவோடு.

இடம் தீவின் தெற்கே, கடலில் மண்ணைக் கொட்டி நிலமாக்கிய பக்கத்தில் இருந்தது. கட்டடங்கள் இன்னும் எழும்பவில்லை. நடுவில் இருந்த பெரிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட, நகராண்மைக் கழகம் அதைச் சுற்றி நடைபாதையும் பெஞ்சும் போட்டு, குச்சி குச்சியாகச் செடி நட்டு, பூங்கா என்று பலகை வைத்துவிட்டது. ஏரிக்குப் பின்பக்கம் சதுப்பு. அதை வேலி போட்டுப் பறவைகளுக்கு என்று விட்டிருந்தார்கள். எனக்கு அந்த மண்ணின் மேலேயே நம்பிக்கை வரவில்லை. நேற்றுவரை மீன் நீந்திய இடம். கடலிடமிருந்து பிடுங்கினதைக் கடல் சும்மா விடுமா? ஒவ்வொரு அடியையும் அமுக்கிப் பார்த்துத்தான் வைத்தேன். அவரோ சொந்த வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி வேகமாகப் போனார்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். ஏரிக்கரையில், அகலமான தொப்பி போட்டு, பூப்போட்ட சட்டையில் ஒரு பெண். எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். இவர் கையைத் தூக்கி ஆட்டினார். என் வாழ்நாளில் இவர் யாருக்கும் அப்படிக் கை ஆட்டி நான் பார்த்ததில்லை. அகப்பட்டாயடி என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். என்ன பேசுவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது.

அவள் திரும்பினாள். எழுபது வயதுச் சீனக் கிழவி. வாயில் பாதிப் பல் இல்லை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவள் புருஷன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களாம். சீ, என்று ஆகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

ஆனால் சந்தேகம் போனதாக நினைக்காதீர்கள். இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஏனென்றால் இவர் பேச ஆரம்பித்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து, கையை விரித்து, தலையை ஆட்டி, நிறுத்தாமல் பேசினார். கிழவன் ஏதோ சொல்ல, இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதுசு. யாருடைய புருஷன் இது என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

கிழவி என்னைக் காட்டி, "இனி சியாப்பா?" என்றாள், இது யார் என்று. பெண்டாட்டி என்றார். அவளுக்கு அப்படி ஒரு ஆச்சரியம். "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? நீ சொல்லவே இல்லையே!" என்று மலாயில் கேட்டு அவர் தோளில் தட்டினாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், எனக்குத் தெரியும். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக வாராவாரம் சந்திக்கிறார்களாம். எந்தப் பறவை எந்தத் தேசத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் பேசியிருக்கிறார். நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வரவில்லை.

சதுப்பு ஓரத்தில் பலகையால் ஒரு குடில் கட்டி, சுவரில் நீளமாகத் துளை விட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசக் கூடாது. எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாதென்று இல்லை. ஆனால் காலடியில் பலகை இடுக்கில் ஒரு உடும்பு தலையை நீட்டி நாக்கைச் சுழற்றினால் என்ன செய்வது? "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, கடல் பக்கம் போய்விட்டது.

கிழவனும் கிழவியும் துளையிலிருந்து முகத்தை எடுத்துத் திரும்பினார்கள். இவர் அவர்களைப் பார்த்து, "சாரி" என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. உடும்பு கடித்ததா, பயந்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் செய்த தப்புக்கு ஊராரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு 'சாரி'. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு குருவி மட்டும் திரும்பி வந்தது. பைனாகுலரை என் கையில் கொடுத்து, "மெல்லப் பாரு" என்றார். பார்த்தேன். சாம்பலும் பழுப்புமாக, நீண்ட மூக்கோடு, சேற்றைக் குத்திக் குத்தித் தின்றது. உள்ளான் ஜாதியாம். இதற்கா இத்தனை அமர்க்களம் என்று இருந்தது.

"பனி கொட்ற தேசத்துலேருந்து வருது" என்றார் என் காதருகில். "எவ்ளோ தூரம் தெரியுமா? வழில கெடைக்கிற சேத்துல எறங்கித் தின்னுட்டு மறுபடி பறக்கும். இந்த மண்ணக் கொட்டி முடிக்கல, அதுக்குள்ள எப்படியோ கண்டுபிடிச்சிருச்சு பாரேன்." குரல் குழைந்திருந்தது. கல்யாணமான புதுசில்கூட என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அந்தக் குருவியின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே வந்தது.

திரும்பி வரும்போது வழியில் ஒரு கடையில் தேநீர் குடிக்க நிறுத்தினார். கேட்டேவிட்டேன். "இவ்ளோ பேச்சு பேசுறீங்க அங்க. வீட்ல ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனே. பறவை பாக்கப் போறேன்னு."

"அது சொல்றதா? முதுகக் காட்டிக்கிட்டு ரெண்டு வார்த்தை!"

"அங்க போனா யாரும் என்கிட்ட எதுவும் கேக்குறதில்ல" என்றார் கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "ஏன் இன்னும் பிள்ளை இல்லன்னு கேக்குறதில்ல." வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்தக் கேள்வி என்னையும்தானே துரத்துகிறது, நான் எங்கே போவது என்று கேட்க வாயெடுத்தேன். ஏனோ கேட்கவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரு அவ?"

"யாரும் இல்லக்கா. பறவைதான்."

"அட போ தங்கச்சி" என்றார். அவர் முகம் வாடிவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இன்னொருத்தி என்றால் தெருவில் நின்று கத்தலாம். அவள் முடியைப் பிடித்து இழுக்கலாம். பெரியவர்களைக் கூட்டிப் பேசலாம். இதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேநீர் கலக்குகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்து, "வரியா?" என்றார்.

முதல் தடவையாகக் கூப்பிட்டார். உள்ளே ஒன்று துள்ளியது. ஆனால் கேட்டுவிட்டு அவர் என் வாயையே பார்த்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் வந்த விருந்தாளியிடம் 'இருந்து சாப்பிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருக்கிற முகம்.

"துணி ஊறப் போட்டிருக்கேன்" என்றேன். "நீங்க போயிட்டு வாங்க."

"சரி சரி" என்றார் உடனே. தாழ்ப்பாளை அன்றைக்குச் சத்தமாகவே திறந்தார். படியில் இறங்கும்போது சீட்டியடித்தார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு குளியலறைக்குப் போய், வாளியில் தண்ணீர் பிடித்து, துணியை ஊறப் போட்டேன்.