ரூத் ஆன்டியின் பைப் தண்ணீர்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளில் "தண்ணி கட்" முடிந்து குழாயைத் திறந்தால், முதலில் வெறும் காற்று இருமும், பிறகு டீ நிறத்தில் கொஞ்சம் துப்பும், அப்புறம்தான் நீச்சல் குளத்து வாசனையோடு தண்ணீர் வரும். அந்த வாசனை போகாத தண்ணீரில் காப்பி போடக்கூடாது என்பது பக்கத்து வீட்டு ரூத் ஆன்டியின் சட்டம். முதல் இரண்டு வாளியைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, மூன்றாவதை அகலமான அலுமினியச் சட்டியில் பிடித்து, மெல்லிய துணி போட்டு மறுநாள் வரை அப்படியே விட்டுவிடுவார். கேட்டால் "மூச்சு விடட்டும்" என்பார். ஒருமுறை கொதித்து ஆறியதை மறுபடி சூடாக்குவதும் அவருக்கு ஆகாது. "செத்த தண்ணி. தூளு இறங்காது லா."

சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் கடைசி ஆமென் கேட்கும் நேரத்துக்குச் சரியாக நான் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பேன். துணிப் பையில் வடித்த கெட்டிக் காப்பி வட்டம் சுற்றி வரும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாமுவேல் அங்கிள், ஆன்டியின் கணவர், "வந்துட்டாங்க பாஸ்டரம்மா, இனிமே ஊத்தலாம்" என்று என்னைக் கிண்டல் செய்வார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்ததால் அவருக்கு மட்டும் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் காப்பி.

நான் பதின்மூன்று வயதில் படிவம் ஒன்றில் படித்தபோது அம்மா, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்கப் பகுதி நேரமாகச் சேர்ந்தார். விற்பவர்களுக்கென்று ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தார்கள். அதன் கம்பிகளைப் பைப் தண்ணீரில் நனைத்து சுவிட்சைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் கிளாஸ் முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் நுரை பொங்கும். மெஷின் தண்ணீரில் நனைத்தால் ஒன்றும் ஆகாது. பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அறிவியலில் வகுப்பில் முதல் மாணவியான நான், அது எப்படி நடக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்ற பரபரப்பு மட்டும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே, அந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆன்டி காப்பிக்கு வைத்திருந்த சட்டியிலிருந்தே ஒரு கிளாஸ் மொண்டு, கூட்டத்துக்கு நடுவில் மேசைமேல் வைத்தேன். கம்பிகளை நனைத்து சுவிட்சைப் போட்டதும் பழுப்பு நுரை ஏறியது. "இதத்தான் நாம குடிக்கிறோம்" என்று, அம்மாவின் குரலை அப்படியே வாங்கிச் சொன்னேன். சிலர் கையிலிருந்த காப்பியை மெதுவாகக் கீழே வைத்தார்கள். ஓர் அக்கா மட்டும், "ஐயோ, எத்தன வருசமா குடிக்கிறோம்!" என்றார். சாமுவேல் அங்கிள், "நாங்க இரும்பு வண்டியில வேல பாத்த ஆளு, கொஞ்சம் துரு உள்ள போனா தப்பில்ல" என்று சொல்லித் தன் கிளாஸைக் காலி செய்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆன்டி சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சாக்கடையில் அது கொட்டுகிற சத்தம் கூடம் வரை கேட்டது.

அடுத்த வாரமே அந்த வீட்டில் மெஷின் மாட்டினார்கள். அம்மா என்னை "கெட்டிக்காரி" என்றார்.

இப்போது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் இருக்கிறேன். காப்பிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சுத்தமான தண்ணீர் வாங்கி, அதில் காப்பி சப்பென்று இருப்பதால் தாது உப்புகளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கடைசியில் நான் செய்வது பைப் தண்ணீரைப் போன்ற ஒன்றைத்தான். அந்தக் கருவியின் வித்தையும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்துவிட்டது: தண்ணீரில் நல்ல தாதுக்கள் இருந்தால் மின்சாரம் ஓடும்; ஓடினால் கம்பியின் இரும்புதான் கரைந்து துருவாக வரும். அழுக்கு கம்பியுடையது, தண்ணீருடையது அல்ல. தெரிந்ததும் என்ன செய்தேன் என்றால், நண்பர்களிடம் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆன்டியிடம் சொல்லவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு வழக்கம்போல் அவரைப் பார்க்கப் போனேன். ஜெபக் கூட்டம் சபை மண்டபத்துக்கு மாறி வெகு காலம் ஆயிற்று. அங்கே பாக்கெட் பானம் கொடுக்கிறார்களாம். அங்கிள், சிறுநீரகம் கெட்டு, ஊசியும் டயாலிசிஸ் மெஷினுமாகக் கிடந்து இறந்துபோனார். ஆன்டி கொண்டுவந்த காப்பியில் வாசனை இருந்தது, ருசி இல்லை. என் முகத்தைப் படித்துவிட்டு, "மெஷின் தண்ணிம்மா. பயப்படாம குடி" என்றார். பிறகு, அங்கிள் படத்தைப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னார்:

"முன்னாடியே நீ வந்து காட்டியிருந்தா அவரு இருந்திருப்பாரு. வருசக் கணக்கா நாந்தானே அந்தத் தண்ணிய ஊத்திக் குடுத்தேன். கிட்னி தாங்குமா?"

இனிப்பு நீரால் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லையா என்று கேட்டேன். "டாக்டருக்கு என்னா தெரியும். என் கண்ணால பாத்தேன்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை, இரும்பை, துருவை. உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆன்டி, காப்பிக்கு அதைவிடச் சரியான தண்ணீர் கிடையாது, அங்கிளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சேலை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா?"

"சத்தியமா ஆன்டி."

கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. கண்ணைத் திறந்தபோது முகம் லேசாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் மாறியது.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "மூணு வருசம் ஆச்சு."

"மூணு கிறிஸ்மஸ் வந்து கேக்கு சாப்பிட்டுப் போயிருக்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து, என் முன்னால் இருந்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். உள்ளேயிருந்து, "கதவச் சாத்திட்டுப் போம்மா" என்ற குரல் மட்டும் வந்தது.