வேலியோரத்தில் நின்ற நத்தை

கடைகளில் இருக்கும் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறாள். குன்றிமணி அளவு வித்தியாசம் இருந்தாலும் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மில்லிகிராம் என்று பேர். கடைக்காரர்கள் வைத்த பேர்கள் வேறு. அவை இங்கே வேண்டாம்.

அவளுடைய கணவரும் அவர் தங்கையும் சின்ன வயதில் ஒரு கணினி வைத்திருந்தார்கள். டிவியோடு இணைக்கிற வகை. விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். அது எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. மிஞ்சியது கையேடு மட்டும். ஒருநாள் பரணைச் சுத்தம் செய்ய ஏறிய மில்லிகிராம் அதை எடுத்துப் புரட்டினாள். ஏணியிலேயே உட்கார்ந்து ஐம்பது பக்கம் படித்துவிட்டாள். அந்தக் கணினிப் பெட்டியை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுவரை அதில் எழுதியிருந்தது. இவ்வளவு தெரிந்தால் அதைத் திரும்ப ஓடவைக்கலாமே என்று தோன்றிவிட்டது.

அப்படித் தொடங்கியதுதான் அவளுடைய எமுலேட்டர். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கணவர் இப்படி விளக்குவார்: "மிமிக்ரி தெரியுமில்ல? மேடையில ஒருத்தர் பத்துப் பேர் மாதிரி பேசுவாரே, அது மாதிரி. இவ எழுதின ப்ரோக்ராம் நம்ம லேப்டாப்பை அந்தப் பழைய பெட்டி மாதிரியே நடிக்க வைக்கும். அப்ப எழுதின விளையாட்டெல்லாம் ஏமாந்துபோய் இதுலயே ஓடும்."

நான்கு வருடத்தில் ஏறக்குறைய எல்லா விளையாட்டும் ஏமாந்தன. அதே பெட்டியில் பித்துப் பிடித்த பதினோரு பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருந்தார்கள். அவர்கள் தப்பு சொல்வார்கள், இவள் திருத்துவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். சலவைக்கடை வைத்திருப்பவள்; வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மில்லிகிராம் அவளுக்கு நத்தை விளையாட்டைப் போட்டுக்கொடுத்தாள். தோட்டத்துக் கீரையைத் தின்ன நத்தை வரும்; அது வேலியைத் தாண்டுவதற்குள் பாத்திகளைக் கூடையால் மூடவேண்டும். நாத்தனார் உட்கார்ந்தாள். காபி ஆறிப்போனது. முக்கால் மணி நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"இது தப்பு அண்ணி. நத்தை நிக்கவே மாட்டேங்குது."

"எங்க நிக்கணும்?"

"வேலிகிட்ட வந்து கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். அந்த நேரத்துலதான் நான் எல்லாத்தையும் மூடுவேன். நாலாயிரம் பாயின்ட் எடுத்திருக்கேன்."

அடுத்த அறையிலிருந்து கணவர் சிரித்தார். "ஆரம்பிச்சுட்டாளா? முப்பத்தெட்டு வருஷமா இந்த நாலாயிரத்தைச் சொல்றா. நத்தை நின்னு நான் பாத்ததே இல்ல. ரெண்டாயிரத்தை யாரும் தாண்ட முடியாது."

"நீ பாக்கலைன்னா நடக்கலையா அண்ணா?"

"பாக்காத நாலாயிரத்தை எப்படிம்மா நம்புறது?"

விளையாட்டாகத்தான் பேசினார்கள். ஆனால் நாத்தனார் கிளம்பும்போது முகம் சுண்டியிருந்தது. சின்ன வயதில் பொய்க்காரி என்று வாங்கிய பட்டம் இன்னும் உறுத்துகிறது போலும். மில்லிகிராமுக்கு வேறு உறுத்தல். கடைக்காரர் தராசு சரி என்பார், வாங்குகிறவர் தப்பு என்பார். அவள் இரண்டு பேரையும் நம்பாமல் கல்லை வைத்துப் பார்ப்பவள்.

அந்த வாரம் முழுக்க, அலுவலகம் விட்டு வந்ததும் நத்தை விளையாட்டின் நிரலை வரிவரியாகப் படித்தாள். நத்தை அடுத்த அடி எவ்வளவு வைக்கவேண்டும் என்று கணக்கிடும் இடத்தில் ஒரு கட்டளை இருந்தது. கையேட்டில் அது இல்லவே இல்லை. கணினிக்கு மூளையான சிப்பைச் செய்தவர்களே சொல்லாத கட்டளை; விளையாட்டை எழுதியவர் எப்படியோ கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறார். குழுவில் யாரோ ஒரு தடவை அளந்து சொன்ன விடையைத்தான் அவள் தன் எமுலேட்டரில் எழுதி வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை. அலுவலகத்தில் யாராவது ஒரு தடவை நிறுத்துவிட்டு முத்திரை வைத்தால் அவள் சும்மா விடுவாளா?

குழுவில் ஒருவர் பல் டாக்டர். அவரிடம் அசல் பெட்டி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனாள். நான்கு வருடம் எழுத்தால் மட்டுமே அறிந்ததை அன்றுதான் தொட்டாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

டாக்டர் விளையாடினார், அவள் பார்த்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம். நத்தை தன் பாட்டுக்கு வேலியைத் தாண்டிப் போனது.

"உங்க நாத்தனாருக்கு வேற ஏதாவது விளையாட்டு ஞாபகமா இருக்கும்" என்றார் டாக்டர்.

"இருக்கலாம் டாக்டர். இன்னும் கொஞ்சம் ஆடுங்க."

முப்பத்தோராவது நிமிடத்தில் நத்தை வேலியோரம் வந்து நின்றது. டாக்டர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு நத்தை நகர்ந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்றது.

மில்லிகிராம் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நன்றாகச் சுட்டது. தராசு சோதிக்கும் அறைச் சூட்டை அளக்க எப்போதும் பையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பாள். அதை எடுத்து ஒட்டினாள்.

"டாக்டர், டேபிள் ஃபேன் இருக்கா?"

காற்று பட்டுப் பெட்டி ஆறியதும் நத்தை நிற்காமல் போனது. ஃபேனை நிறுத்திச் சூடேறவிட்டார்கள், திரும்ப நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தபிறகுதான் அவள் நோட்டில் எழுதினாள். மறைந்திருந்த அந்தக் கட்டளைக்குச் சிப் குளிர்ந்திருந்தால் ஒரு விடை, சூடானால் வேறு விடை.

வீடு திரும்பியதும் நாத்தனாரைக் கடையிலேயே போய்ப் பார்த்தாள். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி நாத்தனார் நடந்ததையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு மில்லிகிராம் கேட்டாள்:

"ஒண்ணு மட்டும் சொல்லு. பெட்டியை ஆன் பண்ணதும் யார் முதல்ல விளையாடுவீங்க?"

"அண்ணன்தான். மூத்தவனாம். அரை மணி நேரம் ஆடிட்டு, சலிச்சுப்போய் எழுந்து தெருவுக்கு ஓடிடுவான். அப்புறம்தான் எனக்கு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவனுக்கு ஆறின பெட்டி, எனக்குச் சூடான பெட்டி."

"ரெண்டு பேர் சொன்னதும் நிஜம்."

"அவன்கிட்ட நீங்க சொல்லாதீங்க அண்ணி. நானே வந்து சொல்றேன்."

சூட்டையும் சேர்த்து எழுத இரண்டு மாதம் ஆனது. குழுவில் ஒருவர் முனகினார்: கோளாறையும் சேர்த்தா காப்பியடிக்கவேண்டும்? "தராசு தப்பாகக் காட்டினால் திருத்துவேன். இது தராசு இல்லையே. அது இருந்தபடி இருக்கட்டும்" என்று எழுதினாள் மில்லிகிராம். மற்றவர்களும் தங்கள் பெட்டிகளை அளந்து அனுப்பினார்கள். ஒன்றில் நத்தை நாற்பத்துநாலு நிமிடத்தில் நின்றது, ஒன்றில் பத்தொன்பதில், ஒன்றில் கடைசிவரை நிற்கவே இல்லை.

நாத்தனார் வந்து விஷயத்தைச் சொன்னபோது கணவர் தாடையைத் தடவினார்.

"சரி, பொய் சொல்லலை. ஆனா அது உன் திறமை இல்லையே. சூடு குடுத்த மார்க்குதானே?"

"உனக்கும் அதே சூட்டைக் குடுக்க அண்ணிகிட்ட சொல்றேன், நீ எடு பாக்கலாம்."

எடுத்தார். இரண்டாயிரத்து எழுநூறு. பிறகு தங்கை உட்கார்ந்தாள், மூவாயிரத்து முந்நூறு. நாலாயிரம் அன்று வரவில்லை. விரல் முன்போல ஓடவில்லை என்றாள். சாக்கு என்றார் அவர். மில்லிகிராம் காதில் அது எதுவும் விழவில்லை. நத்தை நிற்காத அந்த ஒரு பெட்டிக்காரருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தாள்: உங்கள் சிப் வேறு வகையோ என்று சந்தேகம்; அதன் முதுகில் என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?